பல் அழிந்த அரிவாள்: வெட்டுவாயைப் புதுப்பிக்கும் உரிமை பற்றி

அரிவாளுக்கு ஒரு பக்கந்தான் பல், உலகத்துக்கோ இரு பக்கமும் பல் என்ற கருத்தில் பஞ்சாபியில் ஒரு பழமொழி வழங்குகிறது. உலகியலின் கொடுமையைச் சொல்ல எழுந்த மொழி அது. கருவிகளின் வரலாற்றைப் பயில்பவருக்கு அதன் முற்பாதியே போதும். கோதுமை அறுக்கும் அரிவாள் என்றால் பல் உள்ள அரிவாள் என்பது அம்மொழி பேசுவோருக்குச் சொல்லாமலே விளங்கும். வைசாகிக்கு முன் கொல்லன் பட்டறையில் அரிவாளைக் கொடுத்துப் பல் எடுப்பித்துக்கொள்வது அங்கு அறுவடைக்கான ஆயத்தங்களுள் ஒன்று. தமிழில் இதே செயலுக்குக் கருக்கு வெட்டுதல் என்று பெயர். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி கருக்கு என்னும் சொல்லுக்குத் தரும் பொருள்களுள் அரிவாள், இரம்பம் ஆகியவற்றின் பல்லும் ஒன்று. பனைமட்டையின் ஓரத்து முள்வரிசைக்கும் அதே சொல்தான். பாமாவின் 1992ஆம் ஆண்டு நூல் வழியாக அச்சொல் தமிழகத்துக்கு வெளியேயும் அறியப்பட்டிருக்கிறது.

கருக்கு வெட்டுதலுக்கு இத்தனை மொழிகளில் பெயர் இருக்க, அதற்கு நேர்மாறான செயலுக்குப் பெயர் அரிதாகவே கிடைக்கிறது. பல்லுள்ள வாயைத் தேய்த்து, பல்லை நீக்கி, நேரான கூர்வாயாக மாற்றுவதே அச்செயல். ஓர் அரிவாளோ கத்தியோ தன் வாழ்நாளில் ஒருமுறையேனும் இந்த மாற்றத்துக்கு உள்ளாவது மிக இயல்பு. உழைப்பால் பல் தேய்ந்து தானே நேர்வாய் ஆகிவிடுவதுண்டு. சாணைக்காரர் வேண்டுமென்றே அராவிப் பல்லை அழிப்பதும் உண்டு. பெயரில்லாத செயல்களை வரலாறு எளிதில் கவனிப்பதில்லை. தொழில்நுட்ப வரலாற்று நூல்கள் இம்மாற்றத்தை ஒரே வரியில் கடந்துவிடுகின்றன: கல்லில் பல்லுள்ள அரிவாள் இருந்தது, உலோகம் வந்தபின் நேர்வாய் வந்தது, அது வளர்ச்சி. சான்றுகளை ஒருமுறை அடுக்கிப் பார்த்தாலே இந்த வரிசை நிற்காது என்பது தெரிந்துவிடும்.

பலுசிஸ்தானில் போலன் கணவாயின் அடிவாரத்தில் உள்ள மெஹர்கரில் 1974 முதல் பிரெஞ்சு ஆய்வாளர் ழான் பிரான்சுவா ஜாரிழ் தலைமையில் அகழாய்வு நடைபெற்றது. அங்குப் புதிய கற்கால அடுக்குகளிலிருந்து சிறு கல்லலகுகள் கிடைத்தன. அவற்றுள் சில நிலக்கீலில் பதிந்த நிலையிலேயே கிடைத்தன. அலகுகள் கைப்பிடிக்கு இணையாக அல்லாமல் சற்றுச் சாய்வாகப் பதிக்கப்பட்டிருந்தமையால், ஒவ்வொன்றின் முனையும் அடுத்ததைத் தாண்டி வெளியே நீண்டிருந்தது. முழு அரிவாளாகக் கொண்டு பார்த்தால் அதன் வாய் பெரிய பற்களின் வரிசையாகத்தான் இருந்திருக்க வேண்டும். தானியத் தாளில் உள்ள சிலிக்கா கல்லின் ஓரத்தில் படிந்து உண்டாக்கும் பளபளப்பு, இவை அறுவடைக் கருவிகளே என்பதை உறுதிசெய்கிறது.

இக்கருவியின் இன்றியமையாத பண்பு பல் அன்று, மாற்றத்தக்க தன்மையே. ஓர் அலகு மழுங்கினால் அதைப் பிடுங்கிவிட்டு வேறொன்றைப் பதித்துக்கொள்ளலாம். தீட்ட வேண்டிய தேவையே இல்லை. நர்மதைக் கரையில் மகேஸ்வருக்கு எதிரே உள்ள நவ்தாதோலியில் எச்.டி. சங்காலியாவும் அவர் குழுவினரும் அகழ்ந்தெடுத்த செம்புக்கற்கால ஊரிலும் இதே முறையைக் காண்கிறோம். செம்பு அங்கு அறியப்படாத பொருள் அன்று. ஆயினும் அன்றாட வெட்டு வேலைகளைச் சால்செடனி போன்ற கற்களிலிருந்து வீட்டுக்கு வீடு உரித்தெடுத்த சிறு அலகுகளே செய்தன. சிந்துவெளி நகரங்களிலும் நிலைமை இதுதான். மொகஞ்சதாரோவில் செம்பு இரம்பங்கள் கிடைத்திருக்கின்றன. உலோகத்தில் பல் வெட்டத் தெரிந்த மக்கள் அவர்கள். அதே நகரின் வீடுகளில் ரோரி மலைக் கல்லில் செய்த நீண்ட அலகுகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவ்வலகுகளின் ஓரமோ பெரும்பாலும் நேரானது. ஆக, உலோகத்தில் பல்லும் கல்லில் நேர்வாயும் ஒரே காலத்தில், ஒரே தெருவில் இருந்தன. பல்லிலிருந்து நேர்வாய்க்கு என்னும் ஏணிப்படிக் கதை இங்கேயே தடுமாறுகிறது.

இரும்புக்கால அரிவாள்களைப் பற்றிய எழுத்துகளில் இன்னொரு சிக்கல் உண்டு. உத்தரப் பிரதேசத்தின் ஜாகேராவில் சாம்பல்நிற ஓவியக் கலன்களோடு இரும்பு அரிவாளும் கொழுவும் கிடைத்தன. விதர்ப்பத்தின் பெருங்கற்காலச் சின்னங்களும் தென்னிந்தியச் சின்னங்களும் பலவகை இரும்புக் கருவிகளைத் தந்துள்ளன. இவ்வகை அரிவாள்களின் வரைபடங்களில் வாய் பொதுவாக வழவழப்பான ஒரு கோடாகவே காட்டப்படுகிறது. அக்கோட்டை நம்பலாமா? கருக்கு அரிவாளின் பல் மிக நுண்ணியது. பலவேளைகளில் ஒரு மில்லிமீட்டர் ஆழத்தைக்கூட எட்டாது. மண்ணுக்குள் ஈராயிரம் ஆண்டு கிடந்த இரும்பில் துரு முதலில் தின்பது மெல்லிய ஓரத்தையே. பல் இருந்திருந்தாலும் அது எஞ்சியிருக்க வாய்ப்பில்லை. ஆகவே, இன்று நேர்வாயாகத் தெரியும் ஒரு தொல்லிரும்பு அரிவாளைப் பற்றி மூன்று விதமாகக் கூற இயலும்: தொடக்கத்திலேயே நேர்வாய், பல் தேய்ந்தபின் நேர்வாயாக்கிப் பயன்படுத்தப்பட்டது, பல்லோடு புதைந்து துருவில் பல் இழந்தது. அகழாய்வு வரைபடத்தை மட்டும் வைத்து இம்மூன்றையும் பிரித்தறிய முடியாது. இத்தனை நிச்சயமின்மை உள்ள இடத்தில் வளர்ச்சிக் கோடு வரைவது துணிச்சல்தான்.

மொழிச்சான்று சற்று உதவுகிறது. ஆனால் அதுவும் முழுமையாக அன்று. வெட்டுதலைக் குறிக்கும் வினை கிழக்கத்தியரிடமும், அதே வேரிலிருந்து பிறந்த தாத்ரம் என்னும் கருவிப்பெயர் வடக்கத்தியரிடமும் வழங்கியதாக யாஸ்கர் தம் நிருக்தத்தில் குறிக்கிறார். பதஞ்சலி மகாபாஷ்யத்தின் தொடக்கத்தில் இதே எடுத்துக்காட்டை ஆள்கிறார். வட்டார வழக்கு வேறுபாட்டுக்குச் சான்று தேடிய இலக்கணிகள் அரிவாளிடம் வந்து நின்றது தற்செயல் ஆகாது. ஊருக்கு ஊர் வேறுபடும் கருவி என்பது அன்றே தெரிந்த செய்தி. பஞ்சாபியின் தாத்தி, தாத்ரி ஆகியன இத்தாத்ரத்தின் வழித்தோன்றல்கள். குஜராத்தியின் தாத்தரடுவும் அவ்வாறே. பல்லைக் குறிக்கும் தந்தம் என்னும் சொல்லோடு இவற்றை இணைத்துப் பேசும் மக்கள் வழக்கு இருக்கலாம். ஆயினும் தாத்ரம் வெட்டும் பொருளுடைய வேரிலிருந்து வந்தது, பல்லிலிருந்து வந்ததன்று. வங்காளத்தில் நெல்லறுக்கும் பல்லுள்ள காஸ்தேயும், மரக்கிளையும் தேங்காயும் வெட்டும் பல்லற்ற தாவும் இரு வேறு கருவிகள், இரு வேறு பெயர்கள். கேரளத்தில் கொய்த்தரிவாளும் வெட்டுக்கத்தியும் அதுபோன்றவை.

நெல் விளையும் நாட்டில் பல், கோதுமை விளையும் நாட்டில் நேர்வாய் என்று ஒரு நிலப்படம் வரையலாம் என்று தோன்றும். பஞ்சாபின் கோதுமை அரிவாளே அப்படத்தைக் கிழித்துவிடுகிறது. பயிரைவிட வெட்டும் முறைதான் இங்குத் தீர்மானிக்கிறது. கைநிறையத் தாளைப் பற்றிக்கொண்டு அரிவாளைத் தன்பக்கம் இழுக்கும்போது, வழுக்கும் தாளைப் பல் கவ்விப் பிடிக்கிறது. ஓங்கி வீச வேண்டியதில்லை, கதிர் அதிராது, மணி உதிர்வதும் குறையும். புல், புதர், தடித்த சோளத்தட்டை ஆகியவற்றை வீசி வெட்டும்போது பல்லுக்கு வேலை இல்லை. அங்குப் பல் இடறவே செய்யும்.

இனி, அதிகம் பேசப்படாத பகுதிக்கு வரலாம். கருக்கு அரிவாளின் பல், தகட்டின் இரு முகங்களிலும் வெட்டப்படுவதில்லை. ஒரு முகத்தில் மட்டும் சாய்வான நுண்கோடுகளாக வெட்டப்படுகிறது. மறுமுகம் தட்டையாக இருக்கும். இதனால் ஒரு வசதி உண்டு. சற்று மழுங்கியதும் தட்டையான முகத்தைக் கல்லில் உரசினால், கோடுகளின் முனைகள் மீண்டும் கூர்பெறும். இதை உழவரே வயல்வரப்பில் செய்துகொள்ளலாம். ஆனால் சில பருவங்களுக்குப் பின் கோடுகளே தேய்ந்துவிடும். அப்போது கொல்லரிடம் போகாமல் தீராது. உலையில் காய்ச்சி, வாயைத் தட்டி மெலிதாக்கி, உளியாலோ அரத்தாலோ கோடு கோடாகப் பல் வெட்டி, மீண்டும் தோய்ச்சல் கொடுக்க வேண்டும். கோடுகளின் இடைவெளி சீராக இருப்பது கண்ணளவையும் கைப்பழக்கத்தையும் பொறுத்தது. இப்பணியைப் பயிலாத கை செய்ய முடியாது.

எனவே பல்லுள்ள அரிவாள் வைத்திருப்பவர் கொல்லரோடு உறவில் இருந்தாக வேண்டும். அவ்வுறவு எத்தகையது என்பதில்தான் சமூக வரலாறு அடங்கியிருக்கிறது. வட இந்தியாவின் ஜஜ்மானி முறையைப் பற்றி வில்லியம் வைசர் 1936இல் எழுதிய நூல், கிராமக் கைவினைஞர்களுக்கும் நிலமுடைய குடும்பங்களுக்கும் இடையிலான பரம்பரைப் பணி உறவை விரிவாகப் பதிவுசெய்தது. மகாராஷ்டிரத்தின் பலூதா முறையில் லோகார் ஒரு பங்குக்காரர். செங்கற்பட்டுப் பகுதியில் 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தாமஸ் பர்னார்ட் நடத்திய கணக்கெடுப்பு, விளைச்சலிலிருந்து தச்சர், கொல்லர் முதலியோருக்குச் சென்ற பங்குகளைக் குறிக்கிறது. இம்முறைகளில் கருவிகளைச் செப்பம் செய்வதற்குத் தனிக்கூலி இல்லை. களத்தில் அளக்கும் தானியமே கூலி.

பங்கு கொடுப்பவர் நிலமுடையவர். பட்டறையில் முதலில் பல் வெட்டப்படுவது அவருடைய கருவிகளுக்கே. நிலமற்ற கூலியாள், தன் அரிவாளோடு ஊர்விட்டு ஊர் அறுவடைக்குச் செல்பவர், சாதியின் பெயரால் பட்டறை வாசலில் காக்க வைக்கப்பட்டவர் ஆகியோருக்கு அவ்வூர்க் கொல்லரிடம் இத்தகைய உரிமை கிடையாது. காசு கொடுக்க வேண்டும், அல்லது காத்திருக்க வேண்டும். இத்தகையோருக்கு இருந்த மாற்றுவழி, தேய்ந்த பல்லை முழுவதும் உரசி அழித்து நேர்வாயாக்கிக்கொள்வதே. நேர்வாயைத் தீட்ட ஒரு மணற்கல் போதும். மணல் தூவிய மரப்பலகையும் போதும். வெட்டும் திறன் சற்றுக் குறையும், கைவலி கூடும், ஆனால் வாய் தன் கையில் இருக்கும். பல்லழிந்த அரிவாளை வறுமையின் அடையாளமாக மட்டும் படிப்பது போதாது. கருவியைப் புதுப்பிக்கும் அதிகாரத்தைத் தானே எடுத்துக்கொள்ளும் செயலும் அதில் இருக்கிறது. அதை விடுதலை என்று பாடுவதும் மிகை. நாள் முழுதும் குனிந்து மழுங்கிய நேர்வாயால் நெல்லறுத்தவரின் மணிக்கட்டு அதற்கு உடன்படாது.

பட்டறைக்குப் போக இயலாதவர்களிடம் பட்டறையே வந்ததும் உண்டு. ராஜஸ்தானிலிருந்து மாட்டுவண்டிகளில் ஊர் ஊராகச் சென்ற காடியா லோகார்கள் அவ்வாறு வந்தவர்கள். 1568இல் சித்தோர் அக்பரிடம் வீழ்ந்தபின் அக்கோட்டைக்குள் நுழைவதில்லை என்று தம் முன்னோர் சூளுரைத்ததாக அவர்கள் மரபு கூறும். 1955 ஏப்ரலில் ஜவாஹர்லால் நேரு அவர்களைச் சித்தோருக்குள் அழைத்துச் சென்ற நிகழ்ச்சி அன்று பெரிதும் பேசப்பட்டது. அரசின் நோக்கில் அது நாடோடிகளைக் குடியமர்த்தும் தொடக்கம். அவர்களுடைய வண்டி நின்ற இடத்தில் அரிவாளுக்கும் கொழுவுக்கும் உலை மூட்டப்பட்ட செய்தி அந்நிகழ்ச்சியைப் பற்றிய எழுத்துகளில் அடிக்குறிப்பாகவே தங்கிவிட்டது. குடியமர்த்துதல் என்பது வாடிக்கையாளரின் பக்கம் இருந்து பார்த்தால் ஓர் உலையின் வருகை நின்றுபோவதும்தான்.

சாணை பிடிப்போரின் வழி வேறு. வாளையும் கவசத்தையும் துலக்கியவர்கள் சிக்லிகர்கள். துலக்குதலைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்துக்குப் பின் படைக்கல வேலை சுருங்கியது. இச்சமூகத்தாரில் பலர் வீட்டுக் கத்தி, பூட்டு, வாளி ஆகியவற்றின்பால் திரும்பினர். கொல்லருக்கு உலை உண்டு, சாணைக்காரருக்கு இல்லை. உலை இல்லாதவரால் வாயைத் தட்டி மெலிதாக்கவோ புதிதாகத் தோய்க்கவோ இயலாது; இருப்பதைத் தேய்க்கத்தான் முடியும். பல் வெட்டுவது சேர்க்கும் தொழில் அல்ல என்றாலும் அதற்கு உலை வேண்டும். பல் நீக்குவதற்கோ சக்கரம் ஒன்று போதும். இந்தத் தொழிற்பிரிவினைதான் பிற்காலத்தில் நகரங்களில் எந்த வாய் நிலைக்கும் என்பதைத் தீர்மானித்தது.

அச்சக்கரத்துக்குத் தனியே ஒரு வரலாறு உண்டு. குருந்தக் கல்லை இடித்துப் பொடியாக்கி, அரக்கோடு சேர்த்து உருக்கி, வட்டமாக வார்த்தெடுத்த சாணைச் சக்கரங்கள் இந்தியாவின் பல பகுதிகளில் இருந்தன. வாரைக் கொண்டு முன்னும் பின்னுமாக இழுத்து அதைச் சுழற்றுவர். மோஸ் அளவுகோலில் குருந்தத்தின் கடினம் 9. வைரம் ஒன்றே அதற்கு மேல். சாதாரண மணற்கல்லில் உள்ள குவார்ட்ஸ் 7. பல்லுள்ள எஃகு வாயை மணற்கல்லில் உரசி நேராக்க நெடுநேரம் பிடிக்கும். குருந்தச் சாணையில் அது சில நிமிட வேலை. இக்கல்லைப் பற்றிச் சார்லஸ் கிரெவில் 1798இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் எழுதினார். தமிழ்க் குருந்தமே ஆங்கிலத்தில் கொரண்டம் ஆயிற்று என்பது சொற்பிறப்பு நூல்கள் ஏற்கும் செய்தி. இந்தியக் குருந்தம் கிடைக்கும் இடங்களைத் தாமஸ் ஹாலண்ட் 1898இல் தனி நூலாகவே தொகுத்தார்.

அதற்குள் போட்டி பிறந்துவிட்டது. அமெரிக்காவில் எட்வர்ட் அச்சிசன் 1891இல் மின்னுலையில் சிலிக்கன் கார்பைடை உண்டாக்கினார்; கார்பனையும் கொரண்டத்தையும் இணைத்துக் கார்போரண்டம் என்று அதற்குப் பெயரிட்டார். 1954இல் அமெரிக்க, பிரிட்டிஷ் நிறுவனங்களின் கூட்டோடு முருகப்பா குழுமம் சென்னையில் கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தைத் தொடங்கியது. குருந்தம் என்ற சொல் கடல் கடந்து, பாதி உருமாறி, ஆலைச் சக்கரத்தின் பெயராகத் திரும்பி வந்தது. அரக்கில் வார்த்த சாணையை வைத்திருந்தவர் தம் சக்கரத்தைத் தாமே செய்தவர். ஆலைச் சக்கரம் வாங்கப்படுவது. ஆனால் அது மலிவு, சீரானது, வேகமாகத் தேய்ப்பது. மிதிவண்டியின் பின்புறத் தாங்கியை நிறுத்தி, மிதிகட்டையை மிதித்துச் சிறு சக்கரத்தைச் சுழற்றும் சாணைக்காரர் இந்திய நகரத் தெருக்களில் பழகிய காட்சி ஆனது இதனால்தான்.

கிராமப்புறத்தில் இதே காலத்தில் காற்று எதிர்த்திசையில் வீசியது. 1893இல் வெளிவந்த இந்திய வேளாண்மை பற்றிய தம் அறிக்கையில் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர், நாட்டுக் கருவிகள் அவற்றின் சூழலுக்குப் பொருந்தியவை என்றும், புதிய கருவிகளைப் புகுத்த இடம் குறைவு என்றும் கருதினார். அரசு அலுவலர்களின் பொதுவான எண்ணத்தோடு அது முரண்பட்டது. விடுதலைக்குப் பின் ஆய்வு நிறுவனங்கள் அரிவாளையும் விட்டுவைக்கவில்லை. போபாலில் 1976இல் நிறுவப்பட்ட மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம் நவீன் என்ற பெயரில் மேம்பட்ட அரிவாளைப் பரப்பியது. தபோலி வேளாண் பல்கலைக்கழகத்தின் வைபவ் அரிவாள் கொங்கணத்தில் பரவியது. இரண்டும் பல்லுள்ளவை. இயந்திரத்தில் சீராக வெட்டிய பல், எடை குறைவு, கைவிரல் தரையில் உரசாத கைப்பிடி ஆகியவை அவற்றின் சிறப்புகள். அறுவடையில் பெரும்பங்கு வகிக்கும் பெண்களின் களைப்பைக் குறைப்பது வெளிப்படையான நோக்கம். அந்நோக்கம் பெருமளவு நிறைவேறவும் செய்தது. அதை மறுக்கக் காரணமில்லை.

ஆனால் விளக்கக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சிறப்பைச் சற்று நிறுத்திப் படிக்க வேண்டும்: அடிக்கடி தீட்டத் தேவையில்லை என்பதே அது. வங்காளத்துக்கும் கேரளத்துக்கும் பஞ்சாபுக்கும் பல் புதுமை அன்று. அங்கெல்லாம் புதுமை என்று இருந்தது, பல் மழுங்கியபின் கொல்லரிடம் எடுத்துச் செல்லாமல் கடையில் இன்னொன்று வாங்கும் பழக்கமே. தீட்டத் தேவையில்லை என்பதன் மறுபக்கம், தீட்ட வழியில்லை என்பது. மழுங்கிய அலகைப் பிடுங்கிப் புதிதைப் பதித்த மெஹர்கர் முறையும் இதுவும் அடிப்படையில் ஒன்றுதான். வேறுபாடு, மெஹர்கரில் அலகை உரித்தெடுத்தவரும் அறுத்தவரும் ஒரே வீட்டாராக இருந்திருக்கக் கூடும் என்பது. அறுவடை இயந்திரம் பரவிய பகுதிகளில் இக்கேள்வியே இல்லாமற் போயிற்று. பட்டறைக்கு வரும் அரிவாள்களே குறைந்துவிட்டன.

நகரச் சமையலறைக்கும் இதே வாக்குறுதி வந்தது. மெல்லிய துருவேறா எஃகுத் தகட்டில் ஆலையில் பல் வெட்டி, நெகிழிக் கைப்பிடி இட்ட மலிவான கத்திகள் இன்று தெருவோரக் கடைகளிலும் விற்கின்றன. தக்காளியின் வழுக்கும் தோலையும் ரொட்டியின் மேலோட்டையும் அவை நன்றாக அறுக்கும். மென்மையான எஃகு ஆனாலும் நெடுநாள் உழைப்பதுபோல் தோன்றும். பலகையில் படுவது பல்லின் முனை மட்டுமே, குழிவுக்குள் இருக்கும் கூர் தேயாமல் தப்பிக்கிறது. முனைகள் மழுங்கியபின் அக்கத்தி அறுப்பதில்லை, கிழிக்கிறது. அந்நிலையில்தான் அது மிதிவண்டிச் சாணைக்காரரிடம் வந்து சேர்கிறது.

அவர் செய்யக்கூடியது ஒன்றே. தட்டையான சக்கரம் குழிவுக்குள் நுழையாது. ஒவ்வொரு குழிவையும் தனித்தனியே தீட்ட உருளை வடிவான சிறு கல் வேண்டும். அதற்குரிய நேரத்துக்குக் கூலி கொடுப்பாரும் இல்லை. ஆகவே அவர் மிக ஆழமான குழிவின் அடிவரை வாயைத் தேய்த்து, முழுப் பல்வரிசையையும் நீக்குகிறார். வேலை அதோடு முடிவதில்லை. ஓரம் பின்னோக்கி நகர்ந்திருப்பதால் இப்போது தகடு தடித்த இடத்தில் வாய் அமைகிறது. அப்படியே விட்டால் காய்கறியைப் பிளக்குமேயன்றி அறுக்காது. அதனால் ஓரத்துக்குப் பின்னுள்ள பகுதியையும் சாய்வாகத் தேய்த்து மெலிதாக்க வேண்டும். ஆலைப் பல்லும், கருக்கு அரிவாளைப் போலவே, பெரும்பாலும் ஒரு முகத்தில் மட்டும் வெட்டப்பட்டது. தேர்ந்தவர் அந்த முகத்திலேயே பெரும்பகுதியைத் தேய்ப்பார். மறுமுகத்தில் பிசிர் நீங்க இரண்டு இழுப்பு மட்டும். இவ்வாறு கிடைக்கும் வாய் உளியைப் போல் ஒருபக்கச் சாய்வு உடையது. நேராக அறுக்க முயன்றால் சற்று ஒருபுறம் ஒதுங்கும்.

இதில் பெரிய இடர் சூடு. ஆலைச் சக்கரம் வேகமாகத் தேய்ப்பதால் மெல்லிய ஓரம் நொடியில் காய்ந்துவிடும். சாதாரணக் கரிம எஃகில் ஏறத்தாழ 230 டிகிரியில் வைக்கோல் நிறமும், 300 டிகிரியை ஒட்டி நீலமும் ஏறும். நீலம் ஏறிய இடத்தில் தோய்ச்சல் இறங்கிவிட்டது என்பது கொல்லர் அறிந்த உண்மை. அந்த இடம் எத்தனை முறை தீட்டினாலும் கூர் தாங்காது. அதனாலேயே அனுபவமுள்ள சாணைக்காரர் பக்கத்தில் ஒரு தகரக் குவளையில் நீர் வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று இழுப்புக்கு ஒருமுறை கத்தியைத் தோய்த்தெடுக்கிறார். பொறி பறக்கும் வேலையைப் பார்த்து நிற்பவர் அந்தக் குவளையைக் கவனிப்பதில்லை.

தொழில்நுட்ப வரலாறு கண்டுபிடிப்பை எழுதப் பழகியது. புதுப்பித்தலை எழுத அதற்கு இன்னும் கை வரவில்லை. அருங்காட்சியகங்களில் உள்ள அரிவாள்களின் பட்டியல்களில் நீளம், எடை, வளைவு, கிடைத்த ஊர் ஆகியன இருக்கும். எத்தனை முறை தீட்டப்பட்டது, எந்த முகத்தில் தேய்ந்திருக்கிறது, அடிப்பகுதியில் பழைய பல்லின் தடம் எஞ்சியுள்ளதா என்பன அதிலே இடம்பெறுவது அரிது. கைப்பிடியை ஒட்டிய இரண்டு விரற்கடை அளவு பெரும்பாலும் பயன்பாட்டுக்கு வராத பகுதி. சாணைக்கல்லும் அங்குச் சரியாக எட்டாது. பல் இருந்த அரிவாளாயின் அதன் தடம் அங்கேயே தங்கும். 19, 20ஆம் நூற்றாண்டு அரிவாள்கள் இந்திய இனவரைவியல் சேகரங்களில் இருக்கும்வரை, அந்தப் பகுதியை ஒரு கைக்கண்ணாடியால் பார்க்கும் வேலைக்குப் பெரிய நிதி எதுவும் தேவைப்படாது. சேகரித்தவர் அரிவாளுக்கு உரியவர் நிலமுடையவரா கூலியாளா என்பதையும் குறித்திருந்தால், பல் அழித்தல் யாருடைய வழக்கம் என்னும் கேள்வியைச் சான்றோடு சோதிக்கலாம்.

சாணையிலிருந்து திரும்பிவரும் சமையலறைக் கத்தி முன்பைவிட ஓரிரு மில்லிமீட்டர் அகலம் குறைந்திருக்கும். ரொட்டி அறுக்க இனி அது உதவாது. வெங்காயம் நறுக்க உதவும். அடுத்தமுறை மழுங்கும்போது மிதிவண்டி மணியோசைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. வாசற்படிக் கல்லிலோ, கவிழ்த்த பீங்கான் கோப்பையின் அடியில் மெருகில்லாத வளையத்திலோ நான்கு முறை இழுத்தால் போதும்.